கார்ல் என்பது இனிஷியல் இல்லை

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோதுதான் அந்தக் கோடு என் கண்ணில் பட்டது.

டெக்சாஸில், ஆலனில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒரு புதன்கிழமை காலை. ஜெர்மனியில் ஏதோ ஒரு குட்டி ஊர் சர்ச்சிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். இருநூறு வருஷத்துப் பழைய கையெழுத்து. லேப்டாப்பில் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையின் பெயர், கார்ல் லுட்விக். 'கார்ல்' என்ற சொல்லுக்கு அடியில் பாதிரியார் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார். பக்கத்துக் கட்டத்தில் அப்பாவின் பெயர். ஃப்ரீட்ரிஷ்.

அப்பா பெயர் கார்ல் இல்லையா? ஃப்ரீட்ரிஷா?

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கார்ல்தான் அப்பா என்று அடித்துச் சொல்லி ஏழு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேனே! வருகிற சனிக்கிழமை எண்பது பேர் முன்னால் கரோலின் அதைப் படிக்கப் போகிறாரே! அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பருப்பு குழைந்து கூழானதுதான் மிச்சம்.

எதிர் வீட்டில் ஒரு ஜெனரல்

கரோலின் எங்கள் எதிர் வீட்டுக்காரர். எண்பதை நெருங்குகிற வயது. ஒருநாள் 'கரோலின் ஆன்ட்டி' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "உனக்கும் எனக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம் இருக்குமா? ஆன்ட்டியாம் ஆன்ட்டி!" என்று துரத்தி அடித்தார். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்த மாதிரி நான் தமிழில் எழுதுகிறேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது என் கறிவேப்பிலைச் செடி. நாங்கள் பே ஏரியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆலனில் ஐஸ் மழை கொட்டியது. செடி செத்திருக்கும் என்று அழுதுகொண்டே திரும்பி வந்தால், பழைய கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஜம்மென்று நிற்கிறது. கரோலின் கேட்டைத் திறந்து வந்து போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனுஷிக்கு நான் எதைத்தான் செய்ய மாட்டேன்?

எனக்கு ஜெர்மன் வந்த கதையைப் போன இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் அளந்துகொண்டிருக்கிறேன். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு வருஷம் ஜெர்மன் டிராயிங்குகளையும் கடிதங்களையும் மொழிபெயர்த்த சம்பளக்காரி நான். இதை ஒரு பேச்சுக்குச் சொன்னதும் கரோலின் எழுந்து உள்ளே போனார். ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள், ராணுவப் பதிவின் நகல் ஒன்று, அரசாங்கத் தாள்கள் சில.

"என் கொள்ளுப் பாட்டியோட அப்பா. ப்ரஷ்யா பட்டாளத்துல ஜெனரல். என்ன எழுதியிருக்கார்னு எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது. உன்னால படிக்க முடியுமா?"

அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தில் பாதி எழுத்துகள் ஒரே ஜாடை. ஆனால் என் அப்பா குப்புசாமி திண்டிவனத்தில் பத்திரம் எழுதினவர். தான் எழுதினதைத் தானே மறுபடி படிக்கத் திணறுவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு ப்ரஷ்யாக் கையெழுத்து எம்மாத்திரம்! மூன்று மாதத்தில் மொத்த டின்னையும் படித்து முடித்தேன்.

மிஸ்டர் குப்புசாமிக்கு மாத்திரை

இங்கே என் பெயர் புராணத்தையும் கொஞ்சம் பாட வேண்டும்.

நான் கு. வசந்தா. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். அமெரிக்கா வந்ததும் அப்பா எனக்கு லாஸ்ட் நேம் ஆகிவிட்டார். பார்மஸியில் 'மிஸஸ் குப்புசாமி!' என்று கத்துவார்கள். என் கணவர் ராமநாதன் எனக்கு மாத்திரை வாங்கப் போனால் அவர் 'மிஸ்டர் குப்புசாமி' ஆகிவிடுவார். "உங்கப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. இன்னும் நான்தான் அவர் பேர்ல பிரஷர் மாத்திரை வாங்கிட்டிருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் முனகுவார்.

முன்னால் நிற்பது அப்பா, பின்னால் வருவது பிள்ளை. இந்தச் சின்ன விஷயம் அமெரிக்காக்காரர்கள் மண்டையில் ஏறவே இல்லையே என்று முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மேதாவி நான் என்ன செய்தேன்? ராணுவப் பதிவில் 'கார்ல் லுட்விக் ஃபான் மெர்டன்' என்று பார்த்தேன். ஃபான் மெர்டன் குடும்பப் பெயர். லுட்விக் நம்ம ஆள். முன்னால் நிற்கிற கார்ல் அவர் அப்பா. கண் தானாக அப்படிப் படித்துவிட்டது.

ஜெர்மன்காரர்கள் ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று பெயர் வைப்பார்கள், கூப்பிடுகிற பெயருக்கு அடியில் கோடு போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பம்ப் கம்பெனிக்கு வந்துபோன ஜெர்மன் இஞ்சினியருக்கே மூன்று பெயர், மூன்றுமே அவருடையவை. தெரிந்தும் கோட்டை விட்டேன். நம்ம ஊர்க் கண்ணை எங்கே கழற்றி வைப்பது?

நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்

எனக்குப் பொதுவாகப் பட்டாளத்துப் பெரிய மனுஷர்களைக் கண்டாலே ஆகாது. மீசையும் மெடலுமாகப் போட்டோவில் விறைத்து நிற்பவர்களைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இந்த ஒரு ஆள்தான் என்னைக் கவிழ்த்தார்.

வடக்கு ப்ரஷ்யாவில் மணல் பூமி. கம்பு மாதிரி ஏதோ ஒரு தானியமும் உருளைக்கிழங்கும் தவிர ஒன்றும் விளையாத ஒரு சின்னப் பண்ணையில் பிறந்தார். பத்து வயதில் ராணுவப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டார்கள். விடியற்காலையில் வாளியில் உறைந்த ஐஸை முழங்கையால் உடைத்து முகம் கழுவுவார்களாம். 'அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அதில் வசதி' என்று பின்னாளில் மகளுக்கு எழுதுகிறார். அந்த வரியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

இளம் அதிகாரியாக அவர் செய்தது சண்டை இல்லை, சர்வே. அளவுச் சங்கிலியும் பலகையுமாக ஊர் ஊராக நடந்து வரைபடம் போட்டார். ஒவ்வொரு ஓடைக்கும் அங்கே குடியிருக்கும் சனங்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுத்தான் எழுதுவார். மேலதிகாரி 'வேலை மந்தம்' என்று பதிவில் குறித்திருக்கிறார். மந்தமாம்! அந்த மேலதிகாரியை என் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

பதவி உயர்வு ஆமை வேகம். டென்மார்க்கோடு சண்டை, பிறகு ஆஸ்திரியாவோடு. ஆஸ்திரியச் சண்டையில் அவர் கர்னல். பீட்ரூட் வயலில் அவருடைய பையன்களைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, பீரங்கிக் குண்டு விழுகிற இடத்தில் இவர் மட்டும் நிமிர்ந்து இப்படியும் அப்படியும் நடந்திருக்கிறார். பையன்கள் பயந்து ஓடிவிடக் கூடாதே என்று. "சரியான பைத்தியம்" என்றார் என் கணவர். எனக்கோ அழுகை முட்டியது. அந்தச் சண்டையில் செத்தவர்கள் வீட்டுக்குக் குமாஸ்தாவை விட்டு எழுதாமல் தன் கையாலேயே கடிதம் எழுதினார்.

அப்புறம் பிரான்ஸ். இப்போது ஜெனரல். ஒரு கிராமத்திலிருந்து இவர் ஆட்கள் மேல் யாரோ சுட்டார்கள். ஊரையே கொளுத்து என்று மேலிடத்து உத்தரவு. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர்ச் சதுக்கத்தில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் சாப்பாடு அங்கேயே, படுக்கை ஊர்த் தலைவர் வீட்டில். 'நான் இந்தக் கிராமத்தில்தான் தங்கியிருக்கிறேன். கொளுத்துவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத்தான் கொளுத்த வேண்டியிருக்கும்' என்று மேலிடத்துக்குப் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல் டின்னில் இருந்தது. கை நடுக்கமே இல்லாத எழுத்து.

கிராமம் பிழைத்தது. இவருக்கு அதற்கு மேல் ஒரு படி கூட ஏற்றம் இல்லை. நம்ம ஊரில் அதிகாரிகளைக் காத்திருப்போர் பட்டியலில் போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி சீருடையை மாட்டிக்கொண்டு வேலையில்லாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பண்ணைக்குத் திரும்பிப் பேரிக்காய் மரம் வளர்த்தார். டெக்சாஸுக்குக் குடிவந்துவிட்ட ஒரே மகள் எமிலிக்குச் சாகிறவரை கடிதம் எழுதினார். அந்த எமிலி வழி வந்தவர்தான் கரோலின்.

சந்தைத் திடல்

கரோலினுக்கு இத்தனையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. 'மெர்டன்களில் ஒருத்தர் பட்டினிக் கூட்டத்தைச் சுட்டவர்' என்று குடும்பத்தில் காதோடு காதாக ஒரு பேச்சு. அதைக் கேட்டுத்தான் கரோலினின் அத்தை ஜெனரலின் படத்தைக் கழற்றிக் கராஜில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாராம். கரோலின் முதல் நாளே என்னிடம் கேட்டது அதைத்தான்.

"அது இவரா, வசந்தா?"

டின்னில் அதற்கும் தாள் இருந்தது. ஐரோப்பா முழுக்க ஜனங்கள் கிளர்ந்து எழுந்த ஒரு வசந்தகாலம். ரொட்டி கேட்டுச் சந்தைத் திடலில் கூடியவர்களைச் சுட உத்தரவிட்டவர், கேப்டன் கார்ல் ஃபான் மெர்டன். கீழே விழுந்தவர்களின் பெயர்ப் பட்டியல். பாதிக்கு மேல் பெண்கள்.

கூடவே, வயதான ஜெனரல் எமிலிக்கு எழுதிய வரி ஒன்று: 'சந்தைத் திடலில் கார்ல் செய்ததை லுட்விக் சாகும்வரை தூக்கிக்கொண்டு நடப்பான்.'

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்பன் செய்த பாவத்தைப் பிள்ளை சுமக்கிறான். கேட்கவே எவ்வளவு நம்ம ஊர்க் கதை மாதிரி இருக்கிறது! பதிவில் இருவருக்கும் ஒரே ரெஜிமென்ட், ஒரே கம்பெனி என்று வேறு போட்டிருந்தது. ரயில்வேயில் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஷெட்டில் வேலை பார்ப்பதில்லையா, அப்படித்தான் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

"இவர் இல்லை கரோலின். இவரோட அப்பா. உங்க ஜெனரல் தங்கம்" என்றேன்.

கரோலின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் கராஜிலிருந்த படம் ஹாலுக்கு வந்தது. சனிக்கிழமை டெக்சாஸ் மலைப்பக்கத்தில் குடும்பக் கல்லறையில் எல்லாரும் கூடி எமிலிக்குப் புதுக் கல் வைப்பதாக ஏற்பாடு. அங்கே ஜெனரலின் கதையைப் படிக்கப் போவதாகச் சொன்னார். "அம்பது வருஷமா இந்தக் குடும்பம் அவர் பேரைச் சொல்ல வெக்கப்பட்டுது. நான் சத்தமா சொல்லப் போறேன்" என்றார்.

குழைந்த பருப்பு

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் புதன்கிழமை. அப்பா ஃப்ரீட்ரிஷ். வேறு கார்லே கிடையாது. சுடச் சொன்ன கார்லும் நாற்காலியில் உட்கார்ந்த லுட்விக்கும் ஒரே ஆள். பிறந்தபோது கூப்பிட்ட பெயர் கார்ல், கோடு போட்ட பெயர். சந்தைத் திடலுக்கு அப்புறம் அந்த மனுஷன் அந்தப் பெயரில் ஒரு கடிதத்தில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. தன்னையே இரண்டாகக் கிழித்து, ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

கணவரிடம் சொன்னேன்.

"விட்டுத் தள்ளு வசந்தா. அந்த எண்பது பேர்ல ஒருத்தருக்காவது ஜெர்மன் தெரியுமா? அந்தம்மா இப்பதான் சந்தோஷமா இருக்காங்க. ஃபங்ஷன் முடியட்டும், அப்புறமா பக்குவமா எக்ஸ்ப்ளெயின் பண்ணிக்கலாம்."

பே ஏரியா மகளுக்குப் போன் போட்டேன். நித்யா தமிழில் சொன்னதையெல்லாம் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற ஜாதி. "ஷீ ட்ரஸ்டட் யூ, அம்மா. யூ ஹாவ் டு டெல் ஹர்" என்று வைத்துவிட்டாள். பெற்றவளுக்கு ஒரு 'பரவாயில்லை' கூடக் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கரோலினை நினைத்து மட்டும் பயமில்லை. ஜெர்மன் தெரிந்தவள் என்று தெருவெல்லாம் பேர் வாங்கிவிட்டு, ஒரு பெயரைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை என்று எப்படிப் போய் நிற்பது?

ஆனால் இன்னொன்றும் நடந்தது. மத்தியானம் முழுக்கக் கடிதங்களை மறுபடி படித்தேன். அந்த நாற்காலி எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தடவை படித்தபோது, நல்லவர் ஒருத்தர் நல்லது செய்தார் என்றுதான் நினைத்தேன். இப்போது தெரிந்தது, ஒரு தடவை உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அதன் பலனைக் கண்ணால் பார்த்தவர் அவர். இருபது வருஷம் கழித்து அதே மாதிரி உத்தரவு மறுபடி வந்தபோது, போய் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் மேல் என் மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. இதை மறைத்தால் அவருடைய நாற்காலியையும் சேர்த்தல்லவா மறைக்கிறேன்?

ரவா கேசரியோடு

வியாழக்கிழமை வெறுங்கையோடு போகத் தைரியமில்லாமல் ரவா கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போனேன். கரோலின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து என் ஏழு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

பூசி மெழுகாமல் சொல்லிவிட்டேன். எங்கள் இனிஷியல் வழக்கம், நான் பார்த்த பார்வை, பதிவேட்டில் இருந்த கோடு, எல்லாம்.

கரோலின் தாள்களை மடியில் வைத்தார். பிறகு கேட்டார். "அப்ப அந்தப் பொம்பளைங்களைச் சுடச் சொன்னது இவர்தான்?"

"ஆமா."

"நீதானே வசந்தா இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தே? இப்ப நீயே வந்து பிடுங்கிட்டுப் போறியா?"

"பிடுங்கலை கரோலின். அவர் அதுக்கப்புறம் என்ன செஞ்சார்னு..."

"வீட்டுக்குப் போ."

போனேன். கேசரிக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்து சோபாவில் விழுந்து அழுதேன். ராமநாதன் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியவான்.

வெள்ளிக்கிழமை தவறைத் திருத்தி ஏழு பக்கத்தையும் புதிதாக எழுதினேன். சந்தைத் திடலை ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. நாற்காலியையும் குறைக்கவில்லை. 'படிப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்' என்று ஒரு சீட்டு வைத்து, அவர் வீட்டுக் கதவடியில் சொருகிவிட்டு ஓடி வந்தேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சனிக்கிழமை

"போகணுமாங்க?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்க, போவோம். திட்டினா வாங்கிக்கிட்டு வருவோம். புளியோதரை கட்டிட்டியா?"

ஃப்ரீவேயில் ஐந்து மணி நேரம். ஓக் மரங்களுக்கு நடுவில் சின்னக் கல்லறை, வெள்ளைக் கூடாரம், அடுப்பில் கறி வேகும் புகை. எண்பது பேரில் நாங்கள் இரண்டு பேர்தான் இந்தியர்கள். கரோலின் எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எமிலியின் கல் பக்கத்தில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை விரித்தார். எந்தத் தாள் என்று எனக்குத் தெரியவில்லை. மணல் பூமி, ஐஸ் வாளி, வரைபடம் எல்லாம் பழையதிலும் இருந்தது, புதியதிலும் இருந்தது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கேப்டன் ஆன இடம் வந்தது. கரோலின் நிறுத்தினார். தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சந்தைத் திடலில் பசியோடு நின்றவர்களைச் சுடச் சொன்ன கார்ல் ஃபான் மெர்டன் நம்முடைய ஜெனரல்தான். வேறு யாரும் இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு. தொப்பி போட்ட ஒரு பெரியவர், கரோலினின் சித்தப்பா மகனாம், எழுந்து "கரோலின், இன்னைக்குப் போய் இதெல்லாம் எதுக்கு?" என்று அதட்டினார்.

"உட்காரு. இன்னும் நாலு பக்கம் இருக்கு" என்றார் கரோலின்.

அவர் உட்கார்ந்தார். கரோலின் விழுந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பெயரைக்கூட விடவில்லை. பிறகு பீட்ரூட் வயல். பிறகு பிரான்ஸ், அந்தச் சதுக்கம், மூன்று நாள். அந்த இடத்தில் தொப்பிக்காரப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். 'சந்தைத் திடலில் கார்ல் செய்ததை லுட்விக் சாகும்வரை தூக்கிக்கொண்டு நடப்பான்' என்ற வரியோடு முடித்துத் தாள்களை மடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கரோலின் நேராக எங்களிடம் வந்தார். காகிதத் தட்டில் புளியோதரை வைத்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா கண்ணை மூடியிருப்பேன், வசந்தா."

"மன்னிச்சிடுங்க கரோலின்."

"எதுக்கு மன்னிப்பு? அவருக்கே கிடைக்காத நிம்மதி எனக்கு மட்டும் எதுக்கு?"